சொந்தக் கெர்னலா, இரவல் கெர்னலா: இயங்குதளம் எழுதுமுன் போட வேண்டிய கணக்கு

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் தன் இயங்குதளத்தைப் பற்றி வெளியில் சொன்னபோது அதன்மேல் பாஷ் 1.08 என்ற கட்டளை ஷெல், ஜிசிசி 1.40 என்ற கம்பைலர் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டும் அவர் எழுதியவை அல்ல, க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டம் முன்பே எழுதிவைத்தவை. வட்டில் கோப்புகளை அடுக்கும் முறையும் மினிக்ஸ் என்ற கற்பித்தல் இயங்குதளத்தினுடையது. அவர் சொந்தமாக எழுதியது, அடுத்த மாதம் 0.01 என்ற எண்ணோடு வெளிவந்த சுமார் 10,000 வரிக் கெர்னல், அதாவது வன்பொருளை நேரடியாக ஆளும் மையப் பகுதி. ஒரு மாணவர் தனியாளாக இயங்குதளம் எழுதிய கதை என்று நாம் சொல்லிவருவதற்குள் இவ்வளவு இரவல் இருக்கிறது.

அதே க்னூ திட்டம் 1990இல் தொடங்கிய ஹர்ட் கெர்னலுக்கு இன்றுவரை 1.0 பதிப்பு வரவில்லை. இத்தனைக்கும் அது மாக் என்ற மைக்ரோகெர்னலை (அத்தியாவசிய வேலைகளை மட்டும் வைத்துக்கொள்ளும் சிறு கெர்னல்) வெளியிலிருந்து எடுத்துத்தான் தொடங்கியது. ஆக, இரவல் வாங்கினால் சீக்கிரம் முடியும், சொந்தமாக எழுதினால் இழுக்கும் என்ற வாய்பாடு இங்கே செல்லாது. இயங்குதளத்தை அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்குக்கும் தனியாக முடிவெடுக்க வேண்டும். சில அடுக்குகளில் சொந்தமாக எழுதுவது மலிவு. சிலவற்றில் அது ஆயுளையே தின்றுவிடும்.

பூட்லோடர்: எழுத வேண்டாம்

கணினியைத் திறந்ததும் கெர்னலை வட்டிலிருந்து ஏற்றி ஓடவிடும் சிறு நிரல்தான் பூட்லோடர். புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறார்கள், பலர் இங்கேயே நின்றும்விடுகிறார்கள். பழைய பயாஸ் முறையில், வட்டின் முதல் 512 பைட் 7சி00 என்ற பதினாறடிமான முகவரியில் ஏற்றப்பட்டு ஓடும். கடைசி 2 பைட் 55, ஏஏ என்ற அடையாளத்துக்குப் போய்விடும். பார்ட்டிஷன் அட்டவணையும் வேண்டுமென்றால் நிரலுக்கு மிஞ்சுவது 446 பைட். அதற்குள் மேல் நினைவகத்தை எட்ட ஏ20 தடத்தைத் திறந்து, நினைவகப் பகுதிகளை விவரிக்கும் ஜிடிடி அட்டவணை அமைத்து, 16 பிட்டிலிருந்து 32 பிட்டுக்கும் அங்கிருந்து பேஜிங் (நினைவகத்தைப் பக்கங்களாகப் பிரித்து முகவரி மாற்றும் முறை) போட்டு 64 பிட்டுக்கும் தாவி, கெர்னலையும் வட்டிலிருந்து படிக்க இடம் போதாது. இரண்டாம் கட்ட ஏற்றி ஒன்றும் எழுத வேண்டிவரும். இவ்வளவு பாடுபட்டபின், புதிய மடிக்கணினி ஒன்றில் போட்டால் ஒன்றுமே வராது. அவற்றில் பலவற்றுக்கு, பயாஸுக்குப் பதிலாக வந்த யூஈஎஃப்ஐ மட்டும்தான் தெரியும், அந்த 512 பைட்டை யாரும் படிக்கவே மாட்டார்கள்.

தயாராக இருக்கும் க்ரப் பூட்லோடரையோ லிமைனையோ எடுத்துக்கொள்ளுங்கள். க்ரப்பின் முதல் மல்டிபூட் முறை, உங்கள் கெர்னலை 32 பிட் நிலையில் பேஜிங் இல்லாமல் விட்டுவிட்டுப் போகும். மீதித் தாவல் உங்கள் பாடு. லிமைன் 64 பிட் நிலையில், பேஜிங் போட்டு, நினைவக வரைபடத்தையும் திரையின் ஃப்ரேம்பஃபரையும் (திரையின் புள்ளிகள் எழுதப்படும் நினைவகம்) கையில் கொடுத்துவிடும். 64 பிட் கெர்னலுக்கு லிமைன்தான் எங்கள் பரிந்துரை.

இன்னொரு பொறி: பழைய பாடங்கள் எல்லாம் பி8000 முகவரியில் எழுத்தைப் போட்டால் திரையில் வரும் என்று சொல்லும். 80 நெடுவரிசை, 25 வரி, எழுத்துக்கு 2 பைட். யூஈஎஃப்ஐ வழியாகத் தொடங்கிய கணினியில் அந்த எழுத்துத் திரை இருக்காது. கெர்னல் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும், நீங்கள் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு பிழை தேடிக்கொண்டிருப்பீர்கள். அதனால் முதலில் சீரியல் போர்ட்டில் எழுத்தை அனுப்புங்கள், 3எஃப்8 போர்ட். திரை அப்புறம்.

கெர்னலின் நடுப்பகுதி: எழுதலாம், விலை குறைவு

நினைவக ஒதுக்கீடு, பேஜிங், சாதனங்கள் சிபியுவின் கவனத்தைக் கூப்பிடும் இன்டரப்ட், பணிகளை மாற்றி மாற்றி ஓட்டும் ஷெட்யூலர், நிரல்கள் கெர்னலிடம் உதவி கேட்கும் சிஸ்டம் கால் ஆகியவைதான் பாடநூல்களில் இயங்குதளம் என்று சொல்லப்படுபவை. உண்மையில் மொத்த வேலையில் இவை சிறு பகுதி. எம்ஐடியில் கற்பிக்கப் பயன்படும் எக்ஸ்வி6 இவை அனைத்தையும் கோப்பு முறைமையோடு சேர்த்துச் சில ஆயிரம் வரிகளில் முடித்துவிடுகிறது. எஸ்ஈஎல்4 மைக்ரோகெர்னலின் 2009ஆம் ஆண்டுப் பதிப்பு சுமார் 8,700 வரி சி. அதை எழுதி முடிக்க ஒரு நபர் கணக்கில் 2.2 ஆண்டு ஆனது. அது சரியாக இயங்கும் என்று கணித முறையில் நிறுவ, கருவிகளையும் சேர்த்து, சுமார் 20 நபர்-ஆண்டு ஆனது.

இந்தப் பகுதியில் தடுக்கி விழும் இடங்கள் எல்லாருக்கும் ஒன்றுதான். தெரிந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் தாண்டலாம், தெரியாவிட்டால் ஒரு வாரம் போகும்.

உங்கள் உபுண்டுவில் இருக்கும் ஜிசிசியைக் கொண்டே கெர்னலைக் கட்டாதீர்கள். அது லினக்ஸில் ஓடும் நிரல்களுக்கென அமைக்கப்பட்டது. ஸ்டாக் பாதுகாப்பு, இடம் மாறும் நிரலாக்கம் போன்றவற்றைத் தானாகச் சேர்த்துவிடும், லிங்க் செய்யும்போது பெயர் தெரியாத சார்புகளைக் கேட்கும். குறிப்பிட்ட இயங்குதளம் எதையும் சாராத, ஈஎல்எஃப் என்ற வடிவக் கோப்பை மட்டும் தரும் கிராஸ் கம்பைலர் (வேறொரு இலக்குக்கு நிரல் கட்டும் கம்பைலர்) ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். அல்லது கிளாங் என்ற கம்பைலரில் இலக்கை மட்டும் மாற்றுங்கள். அப்படியும் ஜிசிசி நினைவகத்தை நகலெடுக்க, நிரப்ப, ஒப்பிட நான்கு சார்புகளை உங்களிடம் எதிர்பார்க்கும்: மெம்காப்பி, மெம்மூவ், மெம்செட், மெம்கம்ப். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மெம்செட்டை ஒரு சாதாரணச் சுழற்சியாக எழுதி உகந்தாக்கத்தோடு கட்டினால், கம்பைலர் அந்தச் சுழற்சியைப் பார்த்து 'இது மெம்செட் அல்லவா' என்று கண்டுகொண்டு மெம்செட்டையே அழைக்கும் நிரலாக மாற்றிவிடும். சார்பு தன்னைத் தானே அழைத்து அழைத்து ஸ்டாக்கைக் காலி செய்யும்.

64 பிட்டில் ரெட் ஜோனை அணைக்க மறக்கக் கூடாது. வேறு எதையும் அழைக்காத சார்புகள், ஸ்டாக் முனைக்குக் கீழே 128 பைட்டைச் சொல்லாமல் கொள்ளாமல் பயன்படுத்திக்கொள்ள விதி அனுமதிக்கிறது. இந்த இடம்தான் ரெட் ஜோன். கெர்னலுக்குள் இன்டரப்ட் வந்தால் சிபியு அதே இடத்தில்தான் தன் தகவல்களை எழுதும். விளைவு, எப்போதாவது ஒருமுறை, எங்கேயோ ஒரு மாறியின் மதிப்பு கெடும். இப்படிப்பட்ட பிழையை அச்சிட்டுப் பார்த்தும் பிடிக்க முடியாது.

8259 இன்டரப்ட் கட்டுப்படுத்தியின் கதையும் உண்டு. கணினி தொடங்கும்போது டைமர் 8ஆம் எண்ணில் வரும்படி அமைந்திருக்கும். சிபியுவின் கணக்கில் 8 என்பது டபுள் ஃபால்ட், அதாவது ஒரு பிழையைக் கையாளும்போதே இன்னொரு பிழை. எண்களை 32க்கு மேலே நகர்த்தாமல் இன்டரப்டைத் திறந்தால், வெறும் கடிகாரத் துடிப்பைப் பெரும் பிழை என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்பீர்கள். போதாததற்கு, உண்மையான டபுள் ஃபால்ட் ஸ்டாக்கில் ஒரு பிழை எண்ணையும் தள்ளும், டைமர் தள்ளாது. கையாளும் நிரல் அந்த எண்ணை எடுக்கப்போய் ஸ்டாக்கே நழுவிவிடும். டைமர் ஒரே ஒரு முறை துடித்துவிட்டு அமைதியானால் காரணம் வேறு: இன்டரப்ட் முடிந்தது என்ற செய்தியைக் கட்டுப்படுத்திக்கு அனுப்பவில்லை.

இவற்றையெல்லாம், ஒரு கணினியையே மென்பொருளாக நடிக்கும் க்யூஈமுவில் இன்டரப்ட் பதிவை எழுதச் சொல்லி, பிழையில் மறுதொடக்கம் செய்ய வேண்டாம் என்றும் சொல்லிவிட்டால், டிரிபிள் ஃபால்ட் (டபுள் ஃபால்டையும் கையாள முடியாமல் கணினி மறுதொடக்கமாகும் நிலை) வருமுன் எந்த முகவரியில் என்ன நடந்தது என்று வரிவரியாகப் பார்க்கலாம்.

டிரைவர்: இங்கேதான் சோறு வேகாது

டிரைவர் என்பது ஒரு வன்பொருள் சாதனத்தை இயக்கும் நிரல். லினக்ஸ் மூலநிரல் இன்று 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பங்கு டிரைவர்கள். ஷெட்யூலரும் நினைவக மேலாண்மையும் அந்தக் கடலில் ஒரு குடம்.

க்யூஈமுவுக்குள் மட்டும் வாழப் போகிற இயங்குதளத்துக்கு இந்தக் கவலை இல்லை. மெய்நிகர் கணினிகளுக்கென்றே வகுத்த விர்ட்ஐஓ சாதனங்களுக்கு வட்டு, நெட்வொர்க் டிரைவர்களைச் சில நூறு வரிகளில் எழுதிவிடலாம். பழைய இன்டெல் ஈ1000 நெட்வொர்க் கார்டுக்கு வெளிப்படையான கையேடு இருக்கிறது. பாக்கெட்டுகள் இருக்கும் இடங்களைக் கார்டுக்குச் சொல்லும் டிஸ்கிரிப்டர் வளையத்தை 16 பைட் எல்லையில் வைத்து, அதன் நீளத்தை 128இன் மடங்காக்கி, பிசிஐ கட்டளைப் பதிவகத்தில் பஸ் மாஸ்டர் பிட்டை ஏற்றினால் வேலை செய்யும். அந்தப் பிட்டை மறந்தால் கார்டு நினைவகத்தைத் தொடாது, 'முடிந்தது' அடையாளம் ஒருபோதும் வராது. எல்லாரும் ஒருமுறை மறக்கிறார்கள்.

மெய்யான கணினியில் கால் வைத்ததும் நிலைமை மாறும். க்யூஈமு பூஜ்யமாக்கிய நினைவகத்தைத் தரும், மெய்யான ராம் குப்பையோடு வரும். தொடக்க மதிப்பு தராத மாறிகள் இருக்கும் பிஎஸ்எஸ் பகுதியைத் துடைக்க மறந்த கெர்னல் முன்னதில் ஓடும், பின்னதில் விழும். க்யூஈமுவின் சாதனம் கேட்டவுடன் பதில் சொல்லும், உண்மைச் சாதனம் சில மில்லிவிநாடி எடுக்கும், காத்திருக்காத டிரைவர் தோற்கும். யூஎஸ்பி விசைப்பலகை முதலில் வேலை செய்வதுபோலத் தெரியும், ஏனென்றால் ஃபர்ம்வேர் அதைப் பழைய பிஎஸ்/2 விசைப்பலகைபோல் நடிக்கவைக்கிறது. நீங்கள் யூஎஸ்பி கட்டுப்படுத்தியைக் கையில் எடுத்த கணமே அந்த நடிப்பு நின்றுவிடும். கணினியை அணைப்பதுகூட ஒரு திட்டம்தான்: க்யூஈமுவில் ஒரு போர்ட்டில் ஓர் எண்ணை எழுதினால் போதும், மெய்யான கணினியில், மின்சக்தியையும் வன்பொருளையும் விவரிக்கும் ஏசிபிஐ அட்டவணைகளுக்குள் இருக்கும் ஏஎம்எல் மொழி நிரலைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஏஎம்எல் மொழிபெயர்ப்பியைச் சொந்தமாக எழுத முயலாதீர்கள். இன்டெல்லின் ஏசிபிஐசிஏ இருக்கிறது, அண்மையில் வந்த யூஏசிபிஐ இருக்கிறது. நினைவகம், பூட்டு, போர்ட், டைமர் ஆகியவற்றுக்கான இணைப்புச் சார்புகளை மட்டும் நீங்கள் கொடுத்தால் போதும். வைஃபை, கிராஃபிக்ஸ் இரண்டையும் சொந்தமாக எழுதுவது பற்றிப் பேசவே வேண்டாம்.

டிரைவரை மட்டும் இரவல் வாங்க முடியுமா?

முடியும். ஆனால் லினக்ஸிலிருந்து ஒரு டிரைவர் கோப்பை மட்டும் பிய்த்தெடுப்பது, கொடியைப் பிடித்து இழுத்தால் பந்தலே சேர்ந்து வருவதுபோல. நெட்வொர்க் டிரைவர் ஒன்று லினக்ஸின் பாக்கெட் அமைப்பு, டிஎம்ஏ முறை (சாதனம் நேரடியாக நினைவகத்தில் எழுதுவது), பிசிஐ அடுக்கு, வேலை வரிசை, சாதன மாதிரி எல்லாவற்றையும் கேட்கும். லினக்ஸ் இந்த உள் இடைமுகங்களை நிலையாக வைத்திருப்பதாக வாக்குறுதியும் தருவதில்லை. அடுத்த பதிப்பில் சார்பின் பெயரோ அளபுருவோ மாறியிருக்கும்.

இதைச் சமாளித்தவர்கள் ஒரு முழு இணக்க அடுக்கையே எழுதினார்கள். ஹைக்கூ இயங்குதளம், பிஎஸ்டி குடும்ப இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியின் நெட்வொர்க் டிரைவர்களை அப்படித்தான் ஓட்டுகிறது. அதே குடும்பத்து நெட்பிஎஸ்டியில் ரம்ப் என்ற ஏற்பாடு, டிரைவர்களைக் கெர்னலுக்கு வெளியே எடுத்து ஓட்டும்படி பிரித்துத் தருகிறது. ஹர்ட் இப்போது வட்டு டிரைவருக்கு அதைத்தான் நம்பியிருக்கிறது. பிஎஸ்டி குடும்பத்தை எடுப்பதில் உரிமச் சிக்கலும் குறைவு.

உரிமத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதுதான் பெரிய தவறு. லினக்ஸ் டிரைவர் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின் கீழ் வருகிறது. அதை உங்கள் கெர்னலோடு சேர்த்துக் கட்டி வெளியே கொடுத்தால், மொத்தக் கெர்னலின் மூலநிரலையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டிவரும். லினக்ஸின்மேல் சிஸ்டம் கால் வழியாக ஓடும் செயலிகளுக்கு இந்தக் கட்டு இல்லை. அந்த விலக்கு லினக்ஸின் உரிமக் குறிப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பிஎஸ்டி, எம்ஐடி உரிமங்களில் பதிப்புரிமைக் குறிப்பை வைத்தால் போதும். சோனி பிளேஸ்டேஷன் 4ஐ ஃப்ரீபிஎஸ்டி மீது கட்டியபோது மூலநிரல் முழுவதையும் திறக்க வேண்டியிராததற்கும், இன்டெல் தன் சிப்புகளுக்குள் மினிக்ஸ் 3ஐ வைத்திருந்தது 2017இல் வெளியானபோது அதை எழுதிய டேனன்பாம் 'முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்' என்ற அளவில் நின்றதற்கும் இதுதான் காரணம்.

முழுக் கெர்னலையும் எடுப்பது

விற்பனைக்குப் போகும் பொருள் என்றால், பெரும்பாலான நேரம் இதுதான் விடை. ஒரு சிறு பலகைக்கு பில்ட்ரூட் என்ற கட்டும் கருவியை வைத்து லினக்ஸ் கெர்னல், அடிப்படைக் கட்டளைகளைத் தரும் பிஸிபாக்ஸ், உங்கள் செயலி மூன்றையும் ஒரே பிம்பமாகக் கட்டிவிடலாம். பல பொருள்கள், பல பதிப்புகள், பல ஆண்டு பராமரிப்பு என்றால் அதைவிடப் பெரிய கட்டும் ஏற்பாடான யோக்டோ. ஆனால் அதன் அண்மைக் கையேடு 140 ஜிபி காலி இடம் கேட்கிறது, கற்கவும் மாதக்கணக்கில் ஆகும். ஒரே ஒரு பொருளுக்கு யோக்டோவை எடுப்பது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது.

இந்த வழியில் செலவு பின்னால் வரும். சிப் தயாரிப்பாளர் கொடுக்கும் கெர்னலில் அவர்களுடைய திருத்தங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும், அவை மூல லினக்ஸில் சேராதவை. அதன்மேல் உங்கள் திருத்தங்களையும் போட்டுவிட்டால் பாதுகாப்புத் திருத்தம் வரும்போதெல்லாம் கைகலப்புதான். நீண்டகால ஆதரவுப் பதிப்பும் சில ஆண்டுகளில் காலாவதியாகும். பலகை வாங்குமுன் அந்தச் சிப் மூல லினக்ஸில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்ப்பது, பிற்பாடு ஒரு பொறியாளரின் சம்பளத்தை மிச்சப்படுத்தும்.

அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவான பாஸ் லினக்ஸ், டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பின்மீது நிற்கிறது. ஐஐடி மெட்ராஸின் ஆதரவில் வளர்ந்த தொடக்க நிறுவனம் 2023இல் காட்டிய பார்ஓஎஸ், ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரல்மீது நிற்கிறது. இவை 'உள்நாட்டு இயங்குதளம்' ஆகுமா என்ற சண்டை அப்போதே நடந்தது. கெர்னலை யார் எழுதினார்கள் என்பது அதில் வீண் வழக்கு. கட்டும் சேவையகமும் கையொப்பச் சாவியும் யாரிடம் இருக்கின்றன, திருத்தத்தை எத்தனை நாளில் வெளியிட முடியும் என்பவையே கேட்கத்தக்கவை.

பணம் இருந்தால் பூஜ்யத்திலிருந்து எழுதலாமே?

ஆப்பிளிடம் பணம் இருந்தது. கோப்லாண்ட் என்ற புதிய இயங்குதளத்தை எழுத முயன்று 1996இல் கைவிட்டது. அந்த டிசம்பரிலேயே நெக்ஸ்ட் நிறுவனத்தைச் சுமார் 40 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. மாக் கெர்னலும் பிஎஸ்டியும் கலந்த நெக்ஸ்ட்ஸ்டெப் கையில் வந்தபிறகும் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.0 வெளிவர 2001 மார்ச் ஆனது. பழைய செயலிகளை ஓட்டவைக்கும் வேலை எந்த வழியில் போனாலும் கூடவே வரும்.

எதிர்ப்பக்கச் சான்று விண்டோஸ் என்டி. டேவ் கட்லர் 1988இல் மைக்ரோசாஃப்டில் சேர்ந்தார், 1993 ஜூலையில் என்டி 3.1 வந்தது. ஏறத்தாழ ஐந்து ஆண்டு. ஆனால் அந்தக் குழுவின் மையத்தில் இருந்தவர்கள் டெக் என்ற கணினி நிறுவனத்தில் ஏற்கெனவே இயங்குதளம் எழுதிப் பழகிய கைகள்.

கூகுளின் ஃபுஷியா இயங்குதளத்தைப் பூஜ்யத்திலிருந்து எழுதியது என்பார்கள். அதன் ஸிர்கான் கெர்னல், டிராவிஸ் கைஸல்பிரெக்ட் எழுதிய லிட்டில் கெர்னலிலிருந்து முளைத்தது. ஹைக்கூவின் கெர்னலும் அவரே முன்பு எழுதிய நியூஓஎஸ்ஸிலிருந்து கிளைத்ததுதான். 2016இல் மூலநிரல் வெளித்தெரிந்த ஃபுஷியா 2021 மேயில் ஒரு நெஸ்ட் ஹப் திரையில் வந்து சேர்ந்தது. ஹைக்கூ திட்டம் தொடங்கியது 2001, முதல் பீட்டா 2018. தயாராக இருந்த கெர்னல் யாருக்கும் முடிவுக் கோட்டை அருகில் கொண்டுவரவில்லை.

மைக்ரோகன்ட்ரோலர் தனிக் கணக்கு

மைக்ரோகன்ட்ரோலர் என்பது சிறு கருவிகளுக்குள் இருக்கும் ஒற்றைச் சிப் கணினி. சில பத்து கிலோபைட் ராம் உள்ள அத்தகைய சிப்பில் லினக்ஸ் நுழையாது. ஷெட்யூலரைச் சொந்தமாக எழுத ஆசை வரும், 300 வரியில் முடியவும் செய்யும். கற்க நல்லது, பொருளுக்கு வேண்டாம். இத்தகைய சிப்புகளுக்கான சிறு இயங்குதளம் ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் மையம் மூன்றே கோப்புகள், எம்ஐடி உரிமம். நெட்வொர்க் வேண்டுமென்றால் எல்டபிள்யூஐபி என்ற நூலகம் சுமார் 40 கிலோபைட் ரோமில் அடங்கும்.

அதிலும் இரண்டு இடத்தில் வழுக்கும். பணியின் ஸ்டாக் அளவைப் பைட்டில் அல்ல, சொல் கணக்கில் கொடுக்க வேண்டும். ஈஎஸ்பி32 சிப்புக்கான பதிப்பில் மட்டும் பைட். கார்டெக்ஸ்-எம் சிப்பில் முன்னுரிமை எண் சிறியதாக இருந்தால் முன்னுரிமை அதிகம், தொடக்க மதிப்போ 0. முன்னுரிமையைத் தாழ்த்தாமல் ஓர் இன்டரப்டுக்குள்ளிருந்து ஃப்ரீஆர்டிஓஎஸ் சார்பை அழைத்தால் ஷெட்யூலரின் வரிசைகள் குலையும். தவறான நிலையைக் கண்டதும் நிறுத்தும் அசெர்ட் சோதனையைத் திறந்துவைத்திருந்தால் உடனே பிடிபடும்.

பயனர் பக்கமும் தமிழ் எழுத்தும்

சொந்தக் கெர்னல் எழுதியவர்கள் சி நூலகத்தையும் எழுத வேண்டியதில்லை. நியூலிப் என்ற தயார் சி நூலகம் சுமார் 20 ஸ்டப் சார்புகளை (கெர்னலோடு இணைக்கும் சிறு சார்புகள்) மட்டும் கேட்கும்: திற, படி, எழுது, நினைவகம் நீட்டு என்ற வகை. ஒன்றுக்கு மேற்பட்ட திரெட் வந்ததும் நினைவகம் ஒதுக்கும் மாலாக்கின் பூட்டுச் சார்பையும் கொடுக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் நிரல் கேட்டு வாங்கும் நினைவகமான ஹீப் சத்தமில்லாமல் கெடும்.

தமிழ் காட்ட நினைத்தால் இரவலுக்கு மாற்றே இல்லை. ஒரு குறியீட்டுக்கு ஒரு படம் என்ற பிட்மேப் எழுத்துரு ஆங்கிலத்துக்குப் போதும். 'கொ' நினைவகத்தில் ககரம் முதலிலும் உயிர்க்குறி பின்னாலும் இருக்கும். திரையில் கொம்பு ககரத்துக்கு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். 'டு', 'மூ', 'ரு' ஒவ்வொன்றும் வேறு வடிவம். 'க்ஷ', 'ஸ்ரீ' பல குறியீடுகள் சேர்ந்து ஒரே உரு. இதற்கு எழுத்துருவை வரையும் ஃப்ரீடைப்பும் எழுத்துகளைச் சரியான உருவிலும் வரிசையிலும் அமைக்கும் ஹார்ஃப்பஸ்ஸும் வேண்டும். ஹார்ஃப்பஸ் சி++ நிரல், ஆனால் கெர்னல் நூலகம் அதிகம் தர வேண்டியிருக்கும் எக்ஸெப்ஷன், ஆர்டிடிஐ என்ற சி++ வசதிகள் இல்லாமலே கட்டலாம். எல்லாவற்றையும் ஒரே கோப்பாகத் தொகுத்தும் தருகிறார்கள்.

ஆண்ட்ரியாஸ் கிளிங் 2018இல் தொடங்கிய செரினிட்டிஓஎஸ், கெர்னலிலிருந்து எழுத்துரு வரை அத்தனையும் சொந்தமாகவே எழுதுவது என்ற பிடிவாதத்துக்குப் பேர்போனது. அதன் லேடிபேர்ட் உலாவி 2024இல் தனித் திட்டமாகப் பிரிந்தபோது அந்த விதியைத் தளர்த்தினார்கள். ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினும் பக்க வடிவமைப்பும் சொந்த நிரலாகவே தொடர, வரைவதற்கு ஸ்கியாவும், காணொளிக்கு எஃப்எஃப்எம்பெக்கும், எழுத்துக்கு ஹார்ஃப்பஸ்ஸும் உள்ளே வந்தன.